காட்டுத் தீ அணைக்க ஓடுகிறவர்களே, உங்கள் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

கொடைக்கானல் மேல்மலைப் பக்கம் பூண்டும் கேரட்டும் உருளையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. பிப்ரவரி பிறந்து பனி விட்டதும் புல்லெல்லாம் காய்ந்துவிடும். கோடை மழை விழுகிற வரைக்கும் ஏதாவது ஒரு மலையில் புகை தெரிந்துகொண்டே இருக்கும். அது ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டால் யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். தாத்தா போனார், அப்பா போனார், நானும் மீசை முளைக்காத வயதிலிருந்து போகிறேன். 2024 கோடையில் அப்படிப் போன இடத்தில்தான் வலது கால் வெந்துபோனது. அதற்கப்புறம் மருத்துவமனை, வி.ஏ.ஓ., தாலுகா ஆபீஸ், வனத்துறை என்று எங்கே போனாலும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: நீங்கள் தீ அணைக்கத்தான் போனீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? எனக்கு முன்னால் இதேபோல அடிபட்ட யாராவது நாலு வரி எழுதி வைத்திருந்தால் எனக்குப் பாதிப் பணமும் முக்கால்வாசி அலைச்சலும் மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அன்றைக்குத் தீ பிடித்தது எங்கள் ஊருக்குக் கீழே இருக்கிற பைன் காட்டில். பைன் சருகைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அது சீக்கிரம் மட்காது, வருடக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து மெத்தை மாதிரிக் கிடக்கும், உள்ளே எண்ணெய்ப் பசை இருப்பதால் பற்றிக்கொண்டால் நிற்காது. டவுனில் தீயணைப்பு நிலையம் இருக்கிறது, அவர்கள் வரவும் செய்தார்கள், ஆனால் வண்டி ரோட்டைத் தாண்டி எங்கே போகும்? சரிவில் ஏறி நின்று அணைப்பது எப்போதுமே வனக் காவலர்களும், சீசனுக்கு மட்டும் எடுக்கிற தீத்தடுப்புக் காவலர்களும், எங்களைப் போன்ற ஊர்க்காரர்களும்தான். கையில் இருந்தது பச்சைத் தழை, அரிவாள், மண்வெட்டி. காற்றை ஊதிச் சருகை ஒதுக்குகிற மெஷின் ஒன்றே ஒன்று இருந்தது, அதற்கும் நடுவில் பெட்ரோல் தீர்ந்துபோனது. சருகைச் சுரண்டி மண் தெரிகிற மாதிரிக் கோடு இழுத்து, வனவர் சொன்ன இடத்தில் எதிர்த்தீ வைத்து (வருகிற தீக்கு இரை இல்லாமல் செய்ய நாமே முன்னால் எரித்துவிடுவது), ராத்திரி முழுக்க நின்றோம். விடிகிற நேரத்தில் தீ அடங்கிவிட்டது.

எரிகிற தீயில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அணைந்துவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்ட பிறகுதான் ஆனது. புகைகிற கட்டைகளை மண் போட்டு மூடிக்கொண்டே கீழே இறங்கினோம். ஒரு இடத்தில் சாம்பல் வெள்ளை வெளேரென்று சமமாகக் கிடந்தது, புகை இல்லை, கனல் இல்லை. காலை வைத்தேன், முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. பழைய மரத்தின் தூர் உள்ளுக்குள்ளேயே வேரோடு எரிந்து குழியாகி, மேலே சாம்பல் மூடிக் கிடந்திருக்கிறது. அடியில் அத்தனையும் கங்கு. காலை இழுத்து வெளியே எடுப்பதற்குள் போட்டிருந்த பாலியஸ்டர் பேன்ட் உருகிக் கணுக்காலோடு ஒட்டிக்கொண்டது. கேன்வாஸ் ஷூவின் பக்கவாட்டு ரப்பர் இளகிப் பாதத்தில் வடிந்தது. அந்த வாடை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

இந்த இடத்தில் சிலது சொல்லிவிடுகிறேன், ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரிந்தவைதான், ஆனால் இப்போது வருகிற பையன்களுக்குத் தெரியவில்லை. எரிந்த காட்டில் நடக்கும்போது கையில் நீளக் கம்பு வேண்டும், குத்திப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும், முக்கியமாக வெட்டுத் தூர் இருக்கிற பழைய பைன், தைலமரக் காடுகளில். பருத்தித் துணி போடுங்கள், ஜெர்சி டீ-ஷர்ட், ட்ராக் பேன்ட் வேண்டவே வேண்டாம். செருப்போடு வருகிறவனைத் திருப்பி அனுப்புங்கள், அவன் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும், தீயும் மேட்டை நோக்கித்தான் வேகம் பிடிக்கும், அதனால் தீக்கு மேலே சரிவில் நிற்காதீர்கள். ஓட வேண்டி வந்தால் மேலே ஓடாதீர்கள், பக்கவாட்டில் ஏற்கெனவே எரிந்து கருகிய நிலத்துக்குள் போகப் பாருங்கள். 2018 மார்ச் 11 அன்று போடி பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் இருபது பேருக்கும் மேல் இறந்துபோனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மலைச் சரிவில் காய்ந்த புல்லில் தீ எத்தனை வேகத்தில் ஏறும் என்று அன்றைக்கு நாடே பார்த்தது. அன்றும் முதலில் ஏறிப் போய் ஆட்களைத் தூக்கி வந்தவர்களில் அந்த ஊர் மக்கள் இருந்தார்கள்.

கால் வெந்ததும் ஒருத்தன் பேஸ்ட் எடுத்து வர ஓடினான். எங்க சித்தப்பாதான் தடுத்து, குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரை மெதுவாகக் கால்மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார். பிறகு மதுரையில் டாக்டர் சொன்னார், குறைந்தது இருபது நிமிடம் ஓடுகிற தண்ணீரில் காட்டியிருக்க வேண்டும், பேஸ்ட், இங்க், மாவு எதுவுமே தடவக் கூடாது, ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது என்று. காட்டுக்குள் அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? ஆனாலும் குடிக்கிற தண்ணீருக்கு மேல் ஆளுக்கு ரெண்டு லிட்டர் தனியாக வைத்துக்கொள்ளலாம். மாற்றி மாற்றித் தோளில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். 108 வருவதற்குள் நாமே போய்விடலாம் என்று ஊர் ஜீப்பில் ஏற்றினார்கள்.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். மலையில் முதலில் காட்டிய மருத்துவமனையில் டியூட்டியில் இருந்தவர் எப்படி வெந்தது என்று கேட்டிருக்கிறார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன், என் காதில் விழவில்லை. கூட வந்த பையன், சின்னவன், பயந்துவிட்டான். காட்டில் தீ பிடித்தால் எங்கள் பக்கம் முதல் சந்தேகம் ஊர்க்காரன் மேல்தான் விழும். யார் வைத்தான், மாடு மேய்க்கிறவனா, விறகுக்குப் போனவனா, தோட்டத்தில் சருகு கொளுத்தியவனா என்று விசாரணை வரும். காட்டுத் தீயில் பட்டது என்று சொன்னால் கேஸ் ஆகிவிடும் என்று நினைத்து, தோட்டத்தில் குப்பை எரித்தபோது பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டான். அது அப்படியே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அதுதான். அந்த ஒரு வரி அதற்கப்புறம் நான் போன ஒவ்வொரு மேஜையிலும் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பையன் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. உதவிக்குப் போனவனே பயப்படுகிற மாதிரி நிலைமை இருக்கிறதே, அதுதான் எனக்கு ஆத்திரம்.

அதனால் அடிபட்டவரோடு மருத்துவமனைக்குப் போகிறவர் யாராக இருந்தாலும் தெளிவாகச் சொல்லுங்கள்: எந்தக் காட்டில், என்ன நேரத்தில், வனத்துறை ஆட்களோடு சேர்ந்து தீ அணைக்கும்போது காயம் பட்டது. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள், ஏ.ஆர். நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அன்றைக்கே அல்லது மறுநாளே காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, மனு வாங்கியதற்கு அவர்கள் தருகிற சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கிவிடுங்கள். சாதாரணத் தாள்தான், ஆனால் தேதி போட்ட தாள்.

பணக் கணக்குக்கு வருகிறேன். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் இருக்கிறது, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். எங்கள் வீட்டிலும் அட்டை இருந்தது, அப்பா பெயரில். கல்யாணத்துக்குப் பிறகு நான் தனி ரேஷன் கார்டு வாங்கியதும் அதிலிருந்து என் பெயர் போய்விட்டது என்பது தீக்காயத்தோடு கவுன்டரில் நிற்கும்போதுதான் தெரிந்தது. அரசு மருத்துவமனையில் படுக்கை கிடைக்கத் தாமதமாகிறது, கால் வீங்குகிறது, வீட்டில் எல்லோரும் அழுகிறார்கள், அந்த நிலைமையில் மலைக்குக் கீழே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே 85,000 ரூபாய் ஆனது. பிறகு மதுரைக்குப் போய்த் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள், அது அரசு மருத்துவமனையில், செலவில்லாமல் நடந்தது, அந்த டாக்டர்களை நான் மறக்க மாட்டேன். கட்டு மாற்ற மலையிலிருந்து இறங்கி ஏற வண்டி வாடகை, மருந்து என்று இன்னொரு 20,000 இருக்கும். தண்ணீர் பாய்ச்ச ஆளில்லாமல் கேரட் காய்ந்ததில் அறுபதாயிரமாவது போயிருக்கும். பட்டறை போட்டுச் சேமித்து வைத்திருந்த பூண்டை விலை ஏறுகிற வரைக்கும் வைத்திருக்க முடியாமல் வந்த விலைக்குத் தள்ளினோம், அந்த நஷ்டத்தை நான் கணக்குப் பார்க்கவே இல்லை, பார்த்தால் தூக்கம் வராது.

உங்கள் வீட்டில் கல்யாணமாகித் தனிக் கார்டு வாங்கியவர்கள் இருந்தால் இந்த வாரமே காப்பீட்டு அட்டையைப் பாருங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு போனால் கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்தில் பதிந்து தருவார்கள். திண்டுக்கல் போய்வர ஒரு நாள் கூலி போகும்தான், போகட்டும்.

கொஞ்சம் நடக்க ஆரம்பித்ததும் நிவாரணம் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டு அலைந்தேன். மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் தீ விபத்தும் ஒரு பேரிடர்தான். 2022 முதல் 2026 வரைக்கான விதிமுறையில், ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருக்கிற அளவுக்குப் பலத்த காயம் என்றால் 16,000 ரூபாய், ஒரு வாரத்துக்குள் என்றால் 5,400 ரூபாய் என்று இருந்தது. உயிர் போனால் குடும்பத்துக்கு 4 லட்சம். அதில் ஒரு முக்கியமான வார்த்தையும் இருந்தது: நிவாரணப் பணியில் ஈடுபட்டு இறந்தவர்களும் அதில் அடக்கம். ஆனால் ஈடுபட்டார் என்று யாராவது அதிகாரி எழுதித் தர வேண்டும். வருவாய்த் துறையில் வனத்துறையைக் கேட்கச் சொன்னார்கள், வனத்துறையில் அன்றைய பதிவேட்டில் உங்கள் பெயர் இல்லையே என்றார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தேன், அது சுற்றிச் சுற்றி அதே மேஜைக்கு வந்து, ஏ.ஆர். காப்பியில் குப்பை எரித்தது என்று இருக்கிறது என்ற பதிலோடு முடிந்துபோனது. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இனி எங்கே எரிந்தாலும் போக மாட்டேன் என்று அன்றைக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் படித்த பையன் ஒருவன் யோசனை சொன்னான், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள் அண்ணே என்று. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்தத் தேதியில் அந்த இடத்தில் தீ அணைப்பில் ஈடுபட்டவர்கள் பட்டியல் வேண்டும் என்று எழுதிப் போட்டேன். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம், பதில் வந்தது. துறைப் பணியாளர்கள், தீத்தடுப்புக் காவலர்கள் பெயர்கள் இருந்தன, கடைசியில் “மற்றும் பொதுமக்கள்” என்று இரண்டு வார்த்தை. ராத்திரி முழுக்க நின்ற எங்கள் ஊர் மொத்தமும் அந்த இரண்டு வார்த்தைக்குள் அடங்கிவிட்டது. என் பக்கத்தில் நின்ற தீத்தடுப்புக் காவலரும் தற்காலிகம்தான், ஆனால் அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. 1923ஆம் வருடத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலேயே காட்டுத் தீயை அணைக்கிற வேலை சேர்க்கப்பட்டிருந்தது. அதாவது கூலிக்கு நின்று அடிபட்டிருந்தால் அவருக்குச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது. கூலி வாங்காமல் நின்ற எனக்கு அந்த வழி இல்லை.

பாராட்டே கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு விழாவில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, சான்றிதழ் கொடுத்தார்கள். எங்க அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார், வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார். அந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், மனிதனுக்கு மரியாதையும் வேண்டும். குடியரசு தினத்தன்று முதலமைச்சர் தருகிற வீரதீரச் செயலுக்கான அண்ணா பதக்கம் பொதுமக்களுக்கும் உண்டு, உயிரைப் பணயம் வைத்துப் பிறரைக் காப்பாற்றியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் கலெக்டர் வழியாகப் பரிந்துரைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் பொன்னாடை போர்த்திய கையால், இவர் இந்தத் தேதியில் எங்களோடு தீ அணைத்தார் என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு அது ஆயுசுக்கும் உதவியிருக்கும்.

காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்திருந்த மாதங்களில் மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று ஃபோனில் தேடித் தேடிப் படித்தேன். கனடாவில் வருடத்துக்கு 200 மணி நேரம் தன்னார்வத் தீயணைப்பு வேலை பார்த்தால் வருமான வரியில் சலுகை, அந்தத் தொகையை 2024இலிருந்து 3,000 டாலரிலிருந்து 6,000 டாலராக உயர்த்தியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் வரி கட்டுகிற அளவுக்கு வருமானமே இல்லாத எங்களுக்கு வரிச் சலுகை எதற்கு? ஆஸ்திரேலியாவில் 2019–20 பெருந்தீயின்போது செய்தது எனக்குப் பொருத்தமாகப் பட்டது. பத்து நாளுக்கு மேல் தீயில் நின்று வருமானம் இழந்த தன்னார்வலர்களுக்கு ஒரு நாளைக்கு 300 டாலர் வரை, மொத்தம் 6,000 டாலர் வரை கொடுத்தார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான ஊர்களில் தீயணைப்பே தன்னார்வலர்கள்தான், வேலை நேரத்தில் தீக்குப் போனால் முதலாளி சம்பளம் பிடிக்கக் கூடாது, அந்தப் பணத்தை நகராட்சி முதலாளிக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். ஜப்பானில் ஊர்த் தீயணைப்புக் குழுவில் இருக்கிறவர்களுக்கு வருடத்துக்கு 36,500 யென், தீக்குப் போகிற நாளுக்கு 8,000 யென் என்று 2022இல் அரசே ஒரு அளவு வைத்திருக்கிறது. அங்கேயும் இளைஞர்கள் சேருவது குறைந்துகொண்டே வருவதால்தான் இந்த ஏற்பாடு.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். பக்கத்துக் கேரளாவில் 2018 வெள்ளத்துக்குப் பிறகு 124 தீயணைப்பு நிலையங்களிலும் நிலையத்துக்கு ஐம்பது பேர் என்று 6,200 பேரைக் குடிமைப் பாதுகாப்புப் படையாகச் சேர்க்கத் திட்டம் போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். எந்த நிலையத்தோடு எந்த ஆள் என்பது அங்கே தெரியும். நம் நாடு முழுவதற்கும் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம் இருக்கிறது. 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்கு, பன்னிரண்டு நாள் பயிற்சி, ஒரு மீட்புப் பை, மூன்று வருடக் காப்பீடு என்று போட்ட திட்டம், வயது 18 முதல் 40 வரை. இதில் என் மனதில் நின்றது காப்பீடுதான். இந்த மாதிரி ஒன்று இருப்பது எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்கள் மாவட்டத்தில் இப்போது ஆள் எடுக்கிறார்களா என்று கலெக்டர் ஆபீசில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் கேளுங்கள், 1077க்கு அடித்தாலே சொல்வார்கள். நீலகிரிப் பக்கத்துச் சொந்தக்காரர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். 2024 மார்ச்சில் குன்னூர்ப் பக்கம் விமானப்படை ஹெலிகாப்டரே வந்து தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, அந்தச் சரிவுகளிலும் தழையோடு நின்றவர்கள் இருப்பார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது உத்தராகண்டில் செய்தது. அங்கேயும் மலையில் நிறையப் பைன். 2024 மே மாதம், காட்டில் கிடக்கிற பைன் சருகைப் பொறுக்கிக் கொண்டுவந்தால் கிலோவுக்கு 50 ரூபாய் என்று அரசு அறிவித்தது. யோசித்துப் பாருங்கள், தீ அணைக்க ஆள் சேர்ப்பதைவிடத் தீக்கு இரையே இல்லாமல் செய்வதற்குக் கூலி கொடுப்பது எவ்வளவு மேல். எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் பிப்ரவரியில் வேலை குறைவாகத்தான் இருக்கும். கிலோவுக்கு 5 ரூபாய் கொடுத்தாலே ரோட்டோரம், ஊரோரம் இருக்கிற பைன் காட்டைத் துடைத்து வைத்துவிடுவார்கள். தீக்கோடு வெட்டுவதையும் நூறு நாள் வேலை மாதிரியான அரசு வேலைத் திட்டத்தில் முறையாகச் சேர்த்து, தீக்குப் போகிற நாளையும் ஒரு வேலை நாளாக எழுதலாம். 2024–25இல் நூறு நாள் வேலையில் ஒரு நாள் கூலி 319 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் கூலிப் பட்டியலில் பெயர் ஏறும். பெயர் ஏறினால் மற்றதெல்லாம் தானாகக் கூட வரும்.

போக மாட்டேன் என்று சொன்னவன்தான், ஆனால் ஊர் எரியும்போது வீட்டில் உட்கார முடியாது என்பது எனக்கே தெரியும். அதனால் அடுத்த கோடைக்குள் எங்களால் முடிந்ததைச் செய்தோம். ஜனவரி 26 கிராம சபை தீ சீசனுக்குச் சரியாக முன்னால் வருகிறது. அதில் காட்டுத் தீ தன்னார்வலர்கள் என்று ஒரு பட்டியலைத் தீர்மானமாகவே போட்டோம். பெயர், வயது, ரத்த வகை, ஆதாரின் கடைசி நாலு எண், வீட்டில் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பது வரை. அதன் நகலை வனச்சரக அலுவலகம், தாசில்தார், தீயணைப்பு நிலையம் மூன்றுக்கும் கொடுத்து, இரண்டாவது பிரதியில் சீல் வாங்கி வைத்திருக்கிறோம். சீல் போடத் தயங்கினால் ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்புங்கள், அதுவும் போதும். கிராம வனக் குழு உயிரோடு இருக்கிற ஊர் என்றால் அதன் மினிட் புத்தகத்திலும் ஏற்றுங்கள்.

பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா போட்டோம், வருடத்துக்கு 20 ரூபாய்தான், விபத்தில் இறந்தாலோ முழு ஊனம் ஆனாலோ 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம், 70 வயது வரைக்கும் உண்டு. ஒன்றைத் தெரிந்துகொண்டு போடுங்கள், இது மருத்துவச் செலவுக்குத் தராது, என் கால் மாதிரிக் காயத்துக்கு ஒரு பைசா வராது. அதற்கு முதல்வர் காப்பீடுதான். வங்கிக் கணக்கில் மே மாதக் கடைசியில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஜூன் 1இல் புதுப்பிக்காமல் போய்விடும். எங்கள் ஊரில் இரண்டு பேருக்கு அப்படிப் போனதைப் பிறகு பார்த்துச் சரி செய்தோம்.

தீ தெரிந்ததும் முதல் வேலையாக 101க்கோ 112க்கோ ஒருவர் அடித்துவிட வேண்டும், அடித்த நேரம் அவர் ஃபோனில் இருக்கும். அடுத்து வனவருக்குச் சொல்ல வேண்டும். டேராடூனில் இருக்கிற இந்திய வன அளவை நிறுவனம் செயற்கைக்கோள் பார்த்துத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது, பொதுமக்களும் பதிந்துகொண்டால் குறுஞ்செய்தி வரும், எங்கள் ஊரில் இரண்டு பையன்கள் பதிந்திருக்கிறார்கள். மேலே ஏறுவதற்கு முன்னால் ரோட்டிலேயே ஒரு நோட்டில் யார் யார் போகிறார்கள், என்ன நேரம் என்று எழுதி, வனவரோ காவலரோ யார் இருக்கிறாரோ அவரிடம் கையெழுத்து வாங்குகிறோம். இறங்கும்போதும் டிக் அடிக்கிறோம், அதில் இன்னொரு நன்மை, யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் உடனே தெரிந்துவிடும். எல்லோரும் நிற்கிற மாதிரி, இடமும் நேரமும் பதிகிற ஆப்பில் ஒரு படம். முதல் தடவை நோட்டை நீட்டியபோது ஒரு காவலர் இதெல்லாம் எதற்கு என்று சலித்துக்கொண்டார், வனவர்தான் வாங்கிக் கையெழுத்துப் போட்டு, எங்கள் ஆட்களுக்கும் இது பாதுகாப்பு என்று சொன்னார். அவர் சொன்னது சரி.

இப்போது அந்த நோட்டு என் பொறுப்பில் இருக்கிறது. கால் ஊன்ற முடிகிறது, ஆனால் சரிவில் வேகமாக ஏற முடியாது, அதனால் ரோட்டில் நின்று பெயர் எழுதுவது, தண்ணீர் அனுப்புவது, ஃபோன் அடிப்பது என் வேலை. என் பழைய மனுவைக் கூட இருந்தவர்களின் உறுதிமொழிக் கடிதங்களை இணைத்துத் திரும்பவும் போட்டிருக்கிறேன், அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது. கிராம சபையிலிருந்து தனியாக ஒரு கோரிக்கையும் முதல்வரின் முகவரிக்குப் போயிருக்கிறது. தீ சீசன் நாலு மாதத்துக்குப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மருத்துவச் செலவும் சேர்ந்த காப்பீட்டை அரசே கட்ட வேண்டும். தீக்குப் போன நாளுக்குக் கூலி வேண்டும். சீசனுக்குத் தீத்தடுப்புக் காவலர் எடுக்கும்போது பட்டியலில் இருக்கிறவர்களுக்கு முன்னுரிமை வேண்டும். நாலாவதாக, அணைக்கப் போய்க் காயம்பட்டவரிடம் முதல் விசாரணை காயத்தைப் பற்றித்தான் இருக்க வேண்டும், தீ வைத்தவன் யார் என்பது அதற்கப்புறம். உங்கள் ஊர்க் கிராம சபையிலும் இதையே அப்படியே எடுத்துப் போடுங்கள், எங்கள் ஊர் பெயரைக் குறிப்பிட வேண்டிய அவசியமே இல்லை.